கிரகணத்தின் மேல் பழி போடுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழில் இரண்டு விஷயங்களைப் படித்தேன். வாசகர் கடிதப் பகுதியில் ஒரு அன்பர், தவளை முட்டையை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு மக்கள் வரிப்பணம் எதற்கு, அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்டிருந்தார். அதே இதழின் ஆன்மிகப் பக்கத்தில், கிரகண நேரத்தில் கர்ப்பிணிகள் கத்தி, அரிவாள்மனை தொடக்கூடாது, வெளியே வரக்கூடாது, மீறினால் பிள்ளை ஊனமாகப் பிறக்கும் என்று கட்டம் போட்டு அச்சிட்டிருந்தீர்கள். இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் அந்த அன்பர் எதை வீண் என்கிறாரோ அதுதான் இந்தக் கட்டத்துச் செய்தி எவ்வளவு தவறு என்று எனக்குக் காட்டிக் கொடுத்தது.

நான் 31 வருடம் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவள், திருவல்லிக்கேணியில் குடியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்பு எங்கள் வீட்டு மாடியில் ஒரு இளம் தம்பதி வாடகைக்கு இருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஐந்தாம் மாத ஸ்கேனில், குழந்தையின் கீழ் முதுகில் தண்டுவடம் மூடாமல் திறந்திருக்கிறது, ஸ்பைனா பைஃபிடா என்று சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலமே வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. போன மாதம் கிரகணத்தன்று மொட்டை மாடிக்குப் போனாளே, அப்போதே சொன்னேன் கேட்டாளா என்று கணவனின் அத்தை ஒருவர் தொடங்கி வைக்க, ஒருவர் மிச்சமில்லாமல் எல்லோரும் அதையே சொன்னார்கள். இரவு பத்து மணிக்கு அவள் கீழே இறங்கி வந்து என் வீட்டு வாசலில் நின்று, "டீச்சர், காயப்போட்ட துணிய எடுக்கத்தான் போனேன், ரெண்டு நிமிஷம்கூட இருக்காது, அதுக்கா எம் பிள்ளைக்கு இப்படி?" என்று கேட்டாள். அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

அவளை உட்காரவைத்து ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். கிரகணம் வந்தபோது அவளுக்கு நான்காவது மாதம். குழந்தையின் நரம்புக் குழாய் மூடவேண்டிய காலமோ கரு உண்டானதிலிருந்து 28-வது நாளோடு முடிந்துவிடுகிறது. அதாவது அவள் மொட்டை மாடிக்குப் போவதற்கு இரண்டு மாதத்துக்கும் முன்பே, மூடவேண்டியது மூடாமல் போய்விட்டது. 28-வது நாள் என்றால் நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும், பல பெண்களுக்கு விஷயமே தெரிந்திருக்காது.

சரி, அந்தக் குழாய் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நம் மூளையும் தண்டுவடமும் கருவில் தொடங்கும்போது தட்டையாகத்தான் தொடங்குகின்றன. முதுகுப் பக்கத்து மேல் படலத்தின் நடுவில் ஒரு தட்டு. அதன் இரண்டு ஓரங்களும் மேடாக எழும்பி, ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்து, சோமாசிக்கு விளிம்பை அழுத்தி ஒட்டுவோமே அந்த மாதிரி நடுவில் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய குழாய் உள்ளே இறங்கிவிடும், அதற்கு மேலே தோல் ஒரே விரிப்பாகச் சேர்ந்துவிடும். தலைப் பக்கம் மூடாமல் போனால் மூளை சரியாக உருவாகாது, அந்தக் குழந்தை பிழைக்காது. கீழ் முதுகில் மூடாமல் போனால் அதுதான் அந்தப் பெண்ணுக்குச் சொன்னது.

இது நடக்கும்போது மனிதக் கரு ஒரு அரிசி அளவுகூட இராது, அதுவும் கருப்பைக்குள் இருக்கிறது. யாராலும் உட்கார்ந்து பார்க்க முடியாது. தவளையில் பார்க்கலாம். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தேங்கிய குட்டைகளில் ஜவ்வரிசிக் கஞ்சி போலக் கொழகொழவென்று முட்டைகள் மிதக்கும், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கரும்புள்ளி. 90-களில் மாணவிகளைக் கூட்டிக்கொண்டு போய் அதை அள்ளி வந்து கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டு மணிக்கணக்கில் பார்த்திருக்கிறோம். ஓடு கிடையாது, தாயின் வயிறு கிடையாது, தண்ணீருக்குள் எல்லாம் கண்ணெதிரே நடக்கும்.

ஆராய்ச்சிக்கூடங்களில் அதிகம் வைத்திருப்பது ஸெனோபஸ் என்கிற ஆப்பிரிக்க நகத் தவளை. அது அங்கே நுழைந்த கதையே பெண்களோடு சம்பந்தப்பட்டதுதான். 1930-களில் கர்ப்பம் உறுதி செய்ய, பெண்ணின் சிறுநீரை ஒரு பெண் தவளைக்கு ஊசி மூலம் செலுத்துவார்கள், அவள் கர்ப்பமாக இருந்தால் தவளை மறுநாளுக்குள் முட்டையிட்டுவிடும். அந்தச் சோதனைக்காகத்தான் உலகம் முழுக்க இந்தத் தவளைகள் ஆஸ்பத்திரிகளுக்குப் போயின. அப்புறம் கருவியலாளர்களின் கைக்கு வந்தன. முட்டை கடுகளவுதான், ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். 23 டிகிரி வெப்பத்தில் கருவுற்ற ஒன்றரை மணி நேரத்தில் முதல் பிளவு, ஏறத்தாழ 15-வது மணி நேரத்தில் நரம்புத் தட்டு தெரியும், 22-வது மணி நேரத்தில் குழாய் மூடியாகிவிடும். ஏழு மணி நேர வேலை. காலையில் லேபுக்குப் போனவர் சாயங்காலத்துக்குள் முழுவதையும் பார்த்துவிடலாம்.

அந்த ஏழு மணி நேரத்துக்குள் நடப்பதைத்தான் அந்த அன்பருக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

முதல் கேள்வி, மேல் படலத்தில் எந்தச் செல் தோலாவது, எந்தச் செல் நரம்பாவது? 1924-ல் ஜெர்மனியில் ஹான்ஸ் ஸ்பீமனும் அவருடைய மாணவி ஹில்டே மான்கோல்டும் தவளைக்கு உறவான, வாலுள்ள நியூட் என்ற பிராணியின் கருவில் ஒரு சின்னத் துண்டை எடுத்து இன்னொரு கருவின் வயிற்றுப் பக்கம் வைத்தார்கள். அங்கே இரண்டாவதாக ஒரு முதுகே முளைத்தது, நரம்புக் குழாயோடு. வைத்த துண்டு வெளிர் நிறக் கருவிலிருந்து வந்தது, புதிய நரம்புக் குழாயின் பெரும்பகுதியோ நிறமுள்ள கருவின் சொந்தச் செல்கள். வந்த துண்டு, இருந்த செல்களைப் பேசி மாற்றியிருக்கிறது. இதைத்தான் பாடநூலில் அமைப்பான் என்று படிக்கிறோம். கட்டுரை வெளியான அதே வருடம் ஹில்டே ஒரு தீவிபத்தில் இறந்துபோனார், 26 வயதுகூட முழுதாக நிரம்பவில்லை. 1935-ல் நோபல் பரிசு ஸ்பீமனுக்கு மட்டும் வந்தது. ஒவ்வொரு வருடமும் இந்தப் பாடம் நடத்தும்போது அந்தப் பெண்ணின் பெயரைக் கரும்பலகையில் பெரிதாக எழுதிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன்.

அந்தத் துண்டு என்ன பேசியது என்று தெரிய எழுபது வருடம் ஆயிற்று, தெரிந்தது தவளையில்தான். 1992-ல் நாகின், 1994-ல் கார்டின் என்று அமைப்பான் சுரக்கிற புரதங்களைக் கண்டுபிடித்தார்கள். நரம்பாக மாறு என்று அவை கட்டளையிடும் என எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் நடந்தது வேறு. மேல் படலத்துச் செல்களுக்கு பி.எம்.பி. என்கிற ஒரு புரதச் செய்தி ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது, நீ தோலாகு, தோலாகு என்று. நாகினும் கார்டினும் அந்தப் புரதத்தைச் செல்லுக்கு வெளியிலேயே பிடித்து வைத்துக்கொள்கின்றன. தோலாகு என்ற சத்தம் காதில் விழாத செல் நரம்பின் வழியில் போகிறது. எஃப்.ஜி.எஃப். என்ற இன்னொரு செய்திக்கும் இதில் பங்கு உண்டு, ஆனாலும் அடிப்படை இதுதான். முதன்முதலில் இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

நரம்பாவது என்று முடிவானால் போதாது, அந்தத் தட்டு வடிவம் மாறவேண்டும். அங்கேதான் செல்களின் நகர்வு வருகிறது. தட்டு முதலில் அகலமாக, குட்டையாக இருக்கும். அது ஒடுங்கி நீளவேண்டும். மயிலாப்பூரில் அறுபத்து மூவர் அன்று மாட வீதியில் அகலமாகப் பரவி நிற்கிற கூட்டம், ஒருவர் தோளுக்கு இடையில் இன்னொருவர் நுழைந்து நுழைந்து, சந்துக்குள் போகும்போது நீளமான வரிசையாகிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள், புதிதாக ஒரு ஆள் வந்து சேரவேண்டியதில்லை, நிற்கிற ஆட்கள் இடம் மாறினாலே போதும். கருவிலும் அப்படித்தான். செல்கள் இடவலமாக நீண்டு, பக்கத்துச் செல்லைப் பற்றி இழுத்து, அதற்கு இடையில் புகுந்து, நடுக்கோட்டை நோக்கி நெருங்குகின்றன, கரு முன்பின்னாக நீள்கிறது. தட்டுக்குக் கீழே கம்பி போல ஓடும் முதுகுநாண் என்ற திசுவும் அதே நேரத்தில் இதே வேலையைச் செய்கிறது. தவளைக் கருவிலிருந்து மெல்லிய துண்டை வெட்டி எடுத்து, கிண்ணத்தில் தனியாக வைத்தாலும் அது தானாகவே நீள்கிறது என்று ரே கெல்லர் என்ற கருவியலாளர் காட்டினார். யாரும் வெளியிலிருந்து இழுக்கவில்லை, விசை அந்தச் செல்களுக்குள்ளேயே இருக்கிறது.

இதற்கு ஒவ்வொரு செல்லுக்கும் திசை தெரியவேண்டும், எது நடு, எது ஓரம் என்று. அந்தத் திசை அறிவுக்கு டிஷெவல்ட் என்ற புரதம் வேண்டும். 2002-ல் ஜான் வாலிங்ஃபோர்டும் ரிச்சர்ட் ஹார்லண்டும் தவளைக் கருவின் நடுக்கோட்டில் அந்தப் புரதத்தின் வேலையைக் கெடுத்துப் பார்த்தார்கள். விளைவை அன்பர் கவனமாகப் படிக்கவேண்டும். ஓரங்கள் இரண்டும் வழக்கம்போல மேடாக எழும்பின, நடுவை நோக்கி நகரவும் செய்தன. ஆனால் தட்டு ஒடுங்காமல் அகலமாகவே இருந்ததால் எட்டவில்லை. இடையில் தூரம் அதிகம், குழாய் திறந்தே நின்றுவிட்டது. மடிப்பில் குறையில்லை, அதற்கு முந்தின நகர்வில் குறை. நரம்புக் குழாய் மூடாத சில நோயாளிகளிடம், இதே திசை அறிவுக்கான மரபணுக்களில் ஒன்றான வாங்கில்-1-ல் மாற்றங்கள் இருப்பதை 2007-ல் கண்டார்கள். நம் வீட்டு ஸ்கேன் அறிக்கைக்கும் அந்தத் தவளைக் கிண்ணத்துக்கும் நடுவில் இவ்வளவு தூரம்தான்.

அடுத்தது மடிப்பு. தட்டையான ஒன்று வளையவேண்டுமானால் ஒரு பக்கம் சுருங்கவேண்டும். பாட்டிமார் இடுப்பில் செருகும் சுருக்குப் பை ஞாபகம் இருக்கிறதா, வாயில் ஓடும் கயிற்றை இழுத்தால் வாய் குவிந்து அடி அகலமாக நிற்கும். நரம்புத் தட்டின் செல்கள் ஒவ்வொன்றும் மேல் முனையில் அப்படி ஒரு கயிறு வைத்திருக்கின்றன, ஆக்டின், மயோசின் என்ற புரதங்களால் ஆனது, நம் தசை சுருங்குவதும் இவற்றால்தான். ஆயிரக்கணக்கான செல்கள் ஒரே பக்கத்து வாயைச் சுருக்கினால் தட்டு வளையத்தானே வேண்டும். கயிற்றை மேல் முனைக்குக் கொண்டுவந்து நிறுத்துகிற புரதத்துக்கு ஷ்ரூம் என்று பெயர், இது வேலை செய்யாத எலிக் கருவில் மூளை காளான் மாதிரி வெளியே விரிந்திருந்ததால் வைத்த பெயர். 2003-ல் தவளைக் கருவில், தட்டு மடங்கும் இடங்களில் இதுதான் செல்களின் வாயைச் சுருக்குகிறது என்று காட்டினார்கள். அந்தச் சுருக்கமும் ஒரே இழுப்பாக நடப்பதில்லை. செல்லுக்குள் கால்சியம் மின்னல் போல வெட்டும், ஒவ்வொரு வெட்டுக்கும் கயிறு கொஞ்சம் இறுகும், அடுத்த வெட்டுக்கு இன்னும் கொஞ்சம்.

2017-ல் வந்த ஒரு ஆய்வுதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது என்றே சொல்லலாம். ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினைப் பிடித்துக்கொள்ளும் ஒரு ஏற்பிப் புரதம் செல்லின் மேல் இருக்கிறது. தவளைக் கருவில் அதைக் குறைத்தபோது நரம்புத் தட்டின் செல்களால் வாயைச் சுருக்க முடியவில்லை, குழாய் மூடவில்லை. ஃபோலிக் அமிலம் இந்தக் குறைபாட்டைத் தடுக்கிறது என்று மருத்துவர்களுக்கு 1991-லேயே தெரியும். ஏற்கெனவே இப்படி ஒரு குழந்தை பெற்ற பெண்கள் அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே தினம் 4 மில்லிகிராம் எடுத்துக்கொண்டதில் 72 சதவீதம் தடுக்கப்பட்டது, பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல நாடுகளில் நடத்திய சோதனை அது. ஆனால் அந்த வைட்டமின் கருவுக்குள் என்ன செய்கிறது? அதற்கான பதிலில் ஒரு பகுதியைத் தவளைதான் கொடுத்தது.

சுற்றியுள்ள தோல் பற்றியும் ஒரு வார்த்தை. நரம்புத் தட்டு மட்டும் பாடுபட, தோல் வேடிக்கை பார்ப்பதாக வெகுநாள் நினைத்திருந்தோம், நானே வகுப்பில் அப்படித்தான் சொல்லியிருப்பேன். தவளையின் தோலில் உள் அடுக்குச் செல்கள் நடுக்கோட்டை நோக்கி நகர்ந்து வந்தால்தான் குழாய் முழுவதும் மூடுகிறது என்று 2012-ல் தெரிந்தது. மூடிய பிறகும் பேச்சு நிற்பதில்லை. கீழே முதுகுநாண் ஒரு செய்தியைச் சுரக்க, மேலே தோல் பக்கத்திலிருந்து அதே பழைய பி.எம்.பி. வர, குழாயின் அடிப்பகுதியில் தசையை ஆட்டுகிற நரம்புகளும் மேல் பகுதியில் உணர்வு சம்பந்தமான நரம்புகளும் பிரிகின்றன.

தவளையும் மனிதரும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. தவளையில் குழாய் முழு நீளத்துக்கும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் மூடுகிறது, மனிதக் கருவில் கழுத்துப் பக்கம் தொடங்கி இரு பக்கமும் ஜிப் இழுப்பது போல நகர்கிறது, தட்டின் அடுக்குகளிலும் வேறுபாடு உண்டு. ஆனால் சொல்லும் செய்திகள், இழுக்கும் கயிறுகள், திசை காட்டும் புரதங்கள் பெரும்பாலும் அவையேதான்.

அப்புறம் ஒன்று, இது சென்னைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்குப் பக்கத்தில் கஸ்தூரிபாய் ஆஸ்பத்திரி இருக்கிறதே, எங்கள் ஏரியாவில் பெரியவர்கள் இன்னும் கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். 1931-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் அங்கே வேலை செய்தார். கர்ப்பிணிகளுக்கு வந்த ஒருவகை ரத்தசோகையின் காரணத்தைப் பம்பாயிலும் குன்னூரிலும் நம் ஊரிலும் தேடி, ஈஸ்ட் சாறு கொடுத்தால் அது குணமாவதைக் கண்டுபிடித்தார். அந்தச் சாற்றில் இருந்த ஏதோ ஒன்றுக்கு வில்ஸ் காரணி என்றே பெயர் இருந்தது. 1941-ல் பாலக்கீரையிலிருந்து பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். நான் தினம் கடந்துபோகும் அந்தச் சுவருக்குள் நடந்த வேலைக்கும், தவளைச் செல்லின் சுருக்குப் பைக்கும், மாடி வீட்டுப் பெண்ணுக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கிறது.

இவ்வளவும் தெரிந்த பிறகு நாம் என்ன செய்கிறோம்? கர்ப்பம் உறுதியான பிறகு, இரண்டாம் மாதமோ மூன்றாம் மாதமோ டாக்டரிடம் போகும்போதுதான் ஃபோலிக் ஆசிட் மாத்திரை கைக்கு வருகிறது. அப்போது குழாய் மூடும் காலம் முடிந்திருக்கும். குழந்தை பெற நினைக்கும்போதே தொடங்கி 12-வது வாரம் வரை தினம் 400 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை, ஏற்கெனவே இப்படி ஒரு குழந்தை பிறந்திருந்தால் அளவு கூடும், அதை டாக்டர்தான் சொல்லவேண்டும். கீரை சாப்பிட்டால் போதாதா என்று கேட்பார்கள். கீரை நல்லதுதான், கட்டாயம் சாப்பிடுங்கள், ஆனால் நாம் வேகவைத்துக் கடையும்போது அதில் நிறையப் போய்விடுகிறது. செறிவூட்டப்பட்ட அரிசியைச் சொல்வார்கள். அதன் தரநிலைப்படி ஒரு கிலோ அரிசிக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம்தான் சேர்க்கிறார்கள், ஒரு நாளைக்கு ஒருவர் எவ்வளவு அரிசி சாப்பிடுவார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு மண்டபமும் சமையல்காரரும் ஆறு மாதம் முன்னாலேயே ஏற்பாடு செய்கிறோம், இந்த மாத்திரை விஷயத்தைப் பெண்ணுக்கு யாரும் சொல்வதில்லை.

இதைச் சொல்லும்போதே எனக்கு ஒரு பயமும் இருக்கிறது. கிரகணத்தை விட்டுவிட்டு, "நீ மாத்திரை போடல, அதான்" என்று அதே வாய்கள் அதே பெண்ணை அடிக்க ஆரம்பித்துவிடக்கூடாது. மாத்திரை போட்டும் மூடாமல் போவதுண்டு, 72 சதவீதம் என்றால் மீதி 28 இருக்கிறது. மரபணு காரணமாகலாம், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய் காரணமாகலாம், வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட் மருந்து காரணமாகலாம். வால்ப்ரோயேட் சாப்பிடும் பெண்கள் தாங்களாக நிறுத்திவிடாமல், குழந்தை பற்றி நினைக்கும்போதே டாக்டரிடம் பேசவேண்டும். தட்டு ஒடுங்கவேண்டும், செல்கள் சுருங்கவேண்டும், தோல் நகரவேண்டும், செய்திகள் சரியான நேரத்தில் சரியான இடத்துக்குப் போகவேண்டும், இதில் எங்கே தடுமாறினாலும் குழாய் திறந்தே நின்றுவிடும். எல்லாம் தாய்க்கே தெரியாமல் நடக்கும் வேலை, அதில் அவள் மேல் என்ன குற்றம்?

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த கிரகணத்துக்கு அந்தக் கட்டத்தைப் போடாதீர்கள். அதே இடத்தில், அதே அளவு எழுத்தில், நரம்புக் குழாய் நான்காவது வாரத்திலேயே மூடிவிடுகிறது, குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் ஃபோலிக் அமிலம் பற்றிக் கேளுங்கள் என்று போடுங்கள். பெண்கள் பகுதியில் மட்டும் போட்டால் ஆண்களும் மாமியார்களும் படிக்கமாட்டார்கள், அதனால்தான் ஆன்மிகப் பக்கத்திலேயே போடச் சொல்கிறேன். எழுதித்தர ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன், பணம் வேண்டாம்.

அந்தக் குழந்தை பிறந்த இரண்டாம் நாளே முதுகில் ஆபரேஷன் ஆயிற்று. இப்போது காலில் பிரேஸ் மாட்டிக்கொண்டு நடக்கிறாள், இந்த வருடம் ஒன்றாம் வகுப்பு. அவர்கள் தாம்பரம் பக்கம் வீடு மாறிப் போய்விட்டார்கள், அவளுடைய அம்மா மாதம் ஒருமுறை போன் செய்வாள். சென்ற வாரமும் செய்தாள். உங்கள் நாளிதழில் வந்த அந்தக் கட்டத்தை அத்தை வாட்ஸ்அப்பில் அவளுக்கு அனுப்பியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியை,
திருவல்லிக்கேணி, சென்னை.